ஆலய விரிவும் சபையின் வளர்ச்சியும்: பழைய திருச்சிராப்பள்ளி மாவட்ட வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

சபை அறிக்கைகளில் மிகுதியாக இடம்பெறுவது கட்டடத்தைப் பற்றிய செய்தியே. கடைக்கால் எடுக்கப்பட்டது, தூண்கள் எழுந்துள்ளன, மேல்தளம் விரைவில் போடப்படும், இன்னும் இவ்வளவு தொகை தேவை என்னும் வரிகள் ஓராண்டின் அறிக்கையிலிருந்து அடுத்த ஆண்டின் அறிக்கைக்குச் சிற்சில மாற்றங்களோடு தொடர்ந்து செல்லும். இதனைக் கண்டு முகஞ்சுளிக்கும் இறையியல் மாணவர் உண்டு. அத்தேனே பட்டணத்தில் பவுல் ஆற்றிய உரையை அவர்கள் உடனே எடுத்துக்காட்டுவர். ஆயினும், ஒரு சிற்றூரில் சில ஆண்டுகளேனும் பொறுப்பேற்று ஊழியஞ்செய்த ஆயர் எவரும் கட்டடத்தை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிடுவதில்லை. மழைக்காலத்தில் ஒழுகும் கூரையின்கீழ்த் திருவிருந்து பரிமாறியவருக்குக் கட்டடத்தின் பொருள் தெரியும்.

வரலாறு கற்போருக்கோ வேறொரு காரணத்தாலும் இச்செய்திகள் அருமையானவை. ஒரு சபை தன் ஆலயத்தை விரிவாக்கும் காலத்திலேதான் அதன் பணம் எங்கிருந்து வருகிறது என்பதும், அதில் யாருக்கு எந்த இடம் என்பதும் மறைக்க இயலாதவாறு வெளிப்படுகின்றன. சாதாரண நாட்களில் வழக்கம் என்னும் போர்வைக்குள் கிடக்கும் இவ்விரு கேள்விகளும், பழைய சுவரை இடித்துப் புதுச்சுவர் எழுப்பும்போது வெளியே வந்துவிடுகின்றன. இக்கட்டுரை அவ்விரு கேள்விகளையும் கையிற்கொண்டு பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளின் தாய் மாவட்டமாகிய பழைய திருச்சிராப்பள்ளியின் ஆலய வரலாற்றை நோக்குகிறது. ஒப்புமை வேண்டிய இடங்களில் திருநெல்வேலியையும் துணைக்கு அழைக்கிறது.

பெரம்பலூர் 1995ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாக்கப்பட்டு, அடுத்த ஆண்டே பெரம்பலூரோடு மீண்டும் இணைக்கப்பட்டு, 2007இல் மறுபடியும் தனித்தது. தென்னிந்தியத் திருச்சபையின் அமைப்பில் இவ்விரு மாவட்டங்களும் திருச்சி–தஞ்சாவூர்த் திருமண்டலத்தின் எல்லைக்குட்பட்டவை. கட்டடத்தைப் பற்றிப் பேசுவதற்கு இதனைவிடப் பொருத்தமான நிலமில்லை எனலாம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாயிருந்த இந்நிலம், அக்கடல் விட்டுச்சென்ற கிளிஞ்சல்களையும் சுண்ணாம்புக்கல்லையும் தன் வயிற்றில் வைத்திருக்கிறது. சாத்தனூரில் கல்லாகிப்போன மரமொன்று இன்றும் படுத்துக்கிடக்கிறது. 1939இல் டால்மியாபுரத்தில் சிமெண்டு ஆலை எழுந்தது. 1979இல் அரியலூரிலேயே அரசு ஆலை தொடங்கியது. தனியார் ஆலைகள் அவற்றைத் தொடர்ந்தன. தமிழகத்தின் எத்தனையோ ஆலயத் தளங்களில் இம்மண்ணின் சுண்ணாம்பு கலந்திருக்கும்.

கட்டுவதும் இடிப்பதும் இப்பகுதிக்குப் புதியனவல்ல. 1836இல் கொள்ளிடத்தின்மீது கீழணை கட்டப்பட்டபோது, கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருங்கோயிலின் மதிற்கற்கள் பெயர்த்துக்கொண்டு செல்லப்பட்டன. ஒரு கட்டடம் மற்றொன்றுக்குக் கற்சுரங்கமாவது உலகெங்கும் உள்ளதே. எனினும், அரசன் ஒருவன் பெருமைக்காகக் கட்டியதைப் பின்வந்த அரசு வசதிக்காகப் பிரித்தபோது, நடுவில் நின்ற ஊராரை எவரும் கேட்கவில்லை என்பதையும் நினைவிற்கொள்ளவேண்டும்.

இப்பகுதியின் கிறிஸ்தவ ஆலயங்களுள் பெயர்பெற்றது, கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சி. கத்தோலிக்கத் திருச்சபையைச் சார்ந்த அவ்வாலயத்தைக் குறிப்பிடாமல் அரியலூரின் ஆலய வரலாற்றை எழுதுவது முறையாகாது. இத்தாலியராகிய கொன்ஸ்தான்சு பெஸ்கி, நாம் வீரமாமுனிவர் என அறிந்தவர், பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்குத் தங்கி, இவ்வூருக்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டு, அடைக்கல மாதாவின் பெயரால் ஆலயம் அமைத்தார். உபதேசியார்களைப் பயிற்றும் பள்ளியையும் நடத்தினார். 1727இல் அவர் இயற்றிய 'வேதியர் ஒழுக்கம்' அப்பயிற்சியோடு தொடர்புடையது. தரங்கம்பாடி லுத்தரன் மிஷனெரிகளை அவர் கடுமையாக எதிர்த்து எழுதியதும் இக்காலத்திலேயே. அந்தப் பூசலின் சூடு தணிந்து நெடுங்காலமாகிவிட்டது. அவருடைய தமிழ்ப்பணியை நன்றியோடு ஏற்பதில் நமக்குத் தடையேதுமில்லை.

அரியலூர் மழவராயருடைய நோயை முனிவர் தீர்த்தார் என்றும், அதற்கு நன்றியாக அவர் ஆலயத்துக்கு நிலம் வழங்கினார் என்றும் பாரம்பரியம் கூறுகிறது. பெஸ்கியைச் சுற்றி எழுந்த கதைகளில், அவர் சந்தாசாகிபுக்குத் திவானாயிருந்தார் என்பது போன்றவை ஆய்வாளர்களால் ஐயுறப்படுகின்றன. ஆனால் பாளையக்காரரின் ஆதரவு இன்றி அக்காலத்தில் எந்த ஆலயமும் நிலைபெற்றிருக்க இயலாது என்பதில் ஐயமில்லை. அடைக்கலம் என்னும் சொல் ஈண்டு ஆழ்ந்த பொருளுடையது. ஆலயம் ஏழைகளுக்கு அடைக்கலமாயிற்று. அவ்வாலயமோ அரசரிடம் அடைக்கலம் புகுந்தது. நம்முடைய முதல் கேள்விக்கு, அதாவது பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு, இம்மண்ணின் முதல் விடை இது.

இரண்டாம் விடை படைமுகாமிலிருந்து வந்தது. பெரம்பலூருக்கு அண்மையிலுள்ள வாலிகண்டபுரத்தில் 1751இல் சந்தாசாகிபின் படையும் பிரெஞ்சுக்காரரும் ஒருபுறமும், முகம்மது அலியின் சார்பில் ஆங்கிலேயர் மறுபுறமும் மோதினர். தோற்ற ஆங்கிலப்படை திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் பின்வாங்கியது. அதன்பின் நிகழ்ந்த நீண்ட முற்றுகைகளை வரலாற்று நூல்களில் அறிவோம். போர் முடிந்தபின்னும் கோட்டையில் ஆங்கிலப்படை நிலைத்து நின்றது. அப்படையைச் சுற்றிச் சிப்பாய்கள், பணியாளர், விதவைகள், தாய்தந்தையற்ற பிள்ளைகள் எனப் பெருங்கூட்டம் சேர்ந்தது. 1750இல் தரங்கம்பாடிக்கு வந்துசேர்ந்த கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் ஐயர், 1762இல் இக்கூட்டத்தின் நடுவில் தம் ஊழியத்தை அமைத்துக்கொண்டார்.

சுவார்ட்ஸ் அக்காலத்தில் வாழ்ந்த வகையை, அவரை நேரிற்கண்ட வில்லியம் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் எழுதிவைத்திருக்கிறார். மாதம் பத்து வராகன் வருமானம். தாமும் தம் கட்டிலும் மட்டுமே கொள்ளும் ஓர் அறை. சோறும் காய்கறியும் உணவு. கறுப்புச் சாயமிட்ட பருத்தித்துணி உடை. இத்தகையவர் ஆயிரத்தைந்நூறு பேருக்குமேல் கொள்ளத்தக்க ஆலயம் கட்ட முனைந்தது வியப்பே. பணம் பெரும்பாலும் கோட்டையிலிருந்த படையதிகாரிகளும் வீரரும் மனமுவந்து கொடுத்தது. 1764ஆம் ஆண்டு மதுரை முற்றுகையில் காயமுற்றோரையும் நோயுற்றோரையும் அவர் பேணியதற்காக நவாபு முந்நூறு வராகன் அளித்தபோது, அத்தொகையை அவர் தமக்கென வைத்துக்கொள்ளாமல் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார். ஆலயம் 1766ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள், பெந்தெகொஸ்தே ஞாயிறன்று பிரதிஷ்டை செய்யப்பட்டு, கிறிஸ்து ஆலயம் எனப் பெயர்பெற்றது. திருச்சித் தெப்பக்குளத்தை அடுத்து அது இன்றும் நிற்கிறது. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளை உள்ளடக்கிய பழைய மாவட்டத்தில் புரொட்டஸ்டண்டு வழிபாட்டின் தாய்வீடு என அதனைக் கூறுவது பொருந்தும்.

ஆலயம் எழும்பிற்று, ஆனால் அறுபது ஆண்டுகளுக்குப் பின் நேர்ந்ததை நோக்குவோம். கல்கத்தாவின் அத்தியட்சராகிய ரெஜினால்டு ஹீபர் 1826இல் தென்னாட்டுக்கு வந்தார். மார்ச்சு 26ஆம் நாள் உயிர்த்தெழுந்த ஞாயிறன்று தஞ்சாவூரில் ஆராதனை நடத்தி, தமிழிலேயே ஆசி கூறினார். அங்கிருந்து திருச்சிராப்பள்ளிக்கு வந்தவர், கோட்டையிலிருந்த மிஷன் ஆலயத்தின் சீர்கேட்டையும், நிலையான ஊழியரின்றி வாடிய சிறு சபையையும் கண்டு மனம்நொந்தார். ஏப்ரல் 3ஆம் நாள் காலையில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் வழங்கிவிட்டுத் திரும்பியவர், குளிக்கச்சென்ற இடத்தில் நீரிலேயே உயிர்நீத்தார். அவருடைய கல்லறை திருச்சி தூய யோவான் ஆலயத்தில் உள்ளது. அவர் மரணத்தைப் பற்றி எழுதியோர் பலர். அவர் அன்று கண்ட பழுதுற்ற சுவர்களைப் பற்றி எழுதியோர் சிலரே.

அச்சுவர்கள் பழுதுற்றதற்குக் காரணமென்ன? சுவார்ட்ஸ் 1778இல் தஞ்சைக்குக் குடிபெயர்ந்தார், 1798இல் மறைந்தார். ஐரோப்பாவிலிருந்து வரும் மிஷனெரிகள் குறைந்தனர். ஆங்கிலப்படைக்கென வேறு ஆலயம் எழுந்தது. கட்டும்போது பணம் கொடுத்த கைகள் ஒவ்வொன்றாக விலகின. வழிபட்ட மக்களோ அக்கட்டடத்தைக் கட்டியவர்களல்லர். கட்டியவர் ஒரு கூட்டத்தார், வழிபடுவோர் வேறொரு கூட்டத்தார் என்னும் நிலையில் பழுதுபார்க்கும் பொறுப்பு எவருடையதும் அன்றாகிவிடும் என்பது எமது கருத்து. சுவார்ட்ஸின் அருளுள்ளத்தை இது குறைப்பதாகாது. அவர் கண்முன் இருந்த தேவை அவசரமானது. அச்சபையாரோ பெரும்பாலும் வறியவர். ஆயினும் நூற்றாண்டுகளுக்கப்பால் நின்று நோக்கும் நமக்கு, நன்கொடையின் வலிமையும் வலுவின்மையும் ஒரே கட்டடத்தில் தெரிகின்றன.

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். ஆலயத்துக்குள் யாருக்கு எந்த இடம்? இதனைத் தரங்கம்பாடியிலிருந்தே தொடங்கவேண்டும். சீகன்பால்கும் புளூச்சோவும் 1707ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரதிஷ்டை செய்த சிறு எருசலேம் ஆலயம் பத்தாண்டுகளுக்குள் போதாதாயிற்று. 1717இல் கடைக்கால் இடப்பட்டு, 1718 அக்டோபர் 11ஆம் நாள் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை பெற்றது. தமிழ் புரொட்டஸ்டண்டு வரலாற்றில் இடம் போதாமையால் எழுந்த முதற்பெருங்கட்டடம் அதுவே. சிலுவை வடிவில் அமைந்த அவ்வாலயத்தில் இடம் பெருகிற்று. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டு லுத்தரன் சபைகளில், சூத்திரர் எனப்பட்டோரும் பறையர் எனப்பட்டோரும் ஒரே கூரையின்கீழ்த் தனித்தனியே அமர்ந்தனர். நற்கருணைக்கு வருவதிலும் முன்பின் வரிசை இருந்தது. இடம் பெருகியதேயன்றி இடைவெளி குறையவில்லை.

இவ்விடைவெளி இருக்கையோடு நின்றுவிடவுமில்லை. 1733இல் ஆரோன் முதல் தமிழ்ப் போதகராக அபிஷேகம் பெற்றார். 1741இல் இரண்டாம் போதகரைத் தெரிந்துகொள்ள வேண்டியபோது, தஞ்சைப் பகுதியில் அரிய ஊழியஞ்செய்த உபதேசியார் ராஜநாயக்கனின் பெயரும் எண்ணப்பட்டது. அவர் தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர் என்பதால், பிற சாதிக் கிறிஸ்தவர் அவர் கையால் திருவிருந்து பெறமாட்டார் என்னும் அச்சம் மேலோங்கிற்று, தியோகு தெரிந்துகொள்ளப்பட்டார். ராஜநாயக்கன் இறுதிவரை உபதேசியாராகவே உழைத்து மறைந்தார். தியோகுவின் தகுதியை மறுக்கவில்லை. ஆனால் பீடத்தருகே இடமில்லை என்று ஒருவருக்குச் சொல்லப்பட்ட அதே சபை, தன் ஆலயத்துக்கு எருசலேம் என்று பெயரிட்டிருந்தது.

நூறாண்டுகள் சென்றபின் அத்தியட்சர் தானியேல் வில்சன் இவ்வழக்கத்தின்மீது கைவைத்தார். 1833 ஜூலையில் அவர் விடுத்த நிருபம், சாதி வேறுபாடுகள் சபையிலிருந்து முற்றிலும், உடனடியாக நீங்கவேண்டுமெனப் பணித்தது. 1835 சனவரியில் அவர் தஞ்சைக்கும் திருச்சிக்கும் நேரில் வந்தார். தனியிருக்கையும், நற்கருணையில் தனிவரிசையும் இனி இல்லை என்பதே அவர் வலியுறுத்தியது. பலர் பணிந்தனர், பலர் சபையைவிட்டு விலகினர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் இம்மாற்றத்தை முன்னரே எதிர்த்து எழுதியவர். நம் ஞானப்பாட்டுகளுக்கெல்லாம் தலைமகனாகிய அவர் இவ்விடத்தில் எடுத்த நிலையை நாம் மறைக்கவேண்டுவதில்லை. அவருடைய பாட்டுகளைப் பாடுவதை விடவும் வேண்டுவதில்லை. சாதி சமுதாய ஒழுங்கேயன்றிச் சமயமன்று என்பது அவர் தரப்பின் வாதம். புதிதாய் வந்த ஆங்கிலேயர் தமிழ்ச்சபையின் விழாக்களையும் பாட்டுமரபையும் அதே கையால் ஒதுக்க முனைந்தது, அவ்வாதத்துக்கு வலுவூட்டியது. நியாயமான ஒரு குறையும் நியாயமற்ற ஒரு வழக்கமும் ஒரே விண்ணப்பத்தில் பின்னிக்கிடந்தன. வில்சனிடமும் அதிகாரத்தின் குரலே ஓங்கியிருந்தது. தாழ்த்தப்பட்ட சபையாரின் சொந்தக் குரல் அவ்வாவணங்களில் மிக அரிதாகவே கேட்கிறது. 1840க்குப்பின் வந்த லைப்சிக் லுத்தரன் மிஷனெரிகள் சாதியைப் பொறுத்தவரையில் மென்மையான போக்கைக் கைக்கொண்டமையால், விலகியோருள் பலர் அவர்களிடம் சேர்ந்தனர். இன்று இவ்வட்டாரத்துச் சபைகள் தம்மை ஆங்கிலிக்கன் வழியினர் என்றும் லுத்தரன் வழியினர் என்றும் கூறிக்கொள்ளும்போது, அப்பிரிவின் ஒரு வேர் ஆலயத்தில் பாய்விரிக்கும் இடத்தைப் பற்றிய வழக்கில் உள்ளது என்பதை எத்தனை பேர் அறிவர்?

கட்டடமே பிரிவினைக்குக் கருவியான வெளிப்படையான சான்று திருநெல்வேலிப் பகுதியின் வடக்கன்குளத்தில் உண்டு. 1872இல் முடிவுற்ற அக்கத்தோலிக்க ஆலயம், பீடத்தினருகே சேரும் இரு நீண்ட பகுதிகளாக, இரு சாதியார் ஒருவரையொருவர் காணாமல் பூசை காணும்படி அமைக்கப்பட்டது. மக்கள் அதனைக் கால்சட்டைக் கோயில் என்றழைத்தனர். 1910இல் குருக்களே உள்ளிருந்த தடுப்பை அகற்றினர். தம் உரிமை பறிபோயிற்றென ஒரு சாரார் தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும், சாதிப்படி இடங்கோரும் உரிமை ஏற்கப்படவில்லை. கத்தோலிக்கரைக் குறைகூற இதனை எடுத்துக்காட்டவில்லை. அவர்கள் கல்லில் கட்டியதை நாம் பல ஊர்களில் கல்லின்றியே காத்துவந்தோம். கல்லைப் பெயர்ப்பது எளிது.

முதற்கேள்விக்கு வேறுவகை விடையைத் திருநெல்வேலிப் புரொட்டஸ்டண்டுச் சபைகளிற் காணலாம். பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயர் 1826இல் எழுப்பிய தூய திரித்துவ ஆலயத்துக்கு, இன்று ஊசிக்கோபுரம் என ஊரே அறிந்த கோபுரம் 1845இல்தான் சேர்க்கப்பட்டது. ரேனியஸ் அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்னரே மறைந்துவிட்டார். மெய்ஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் ஐயரின் காலத்தில், முந்தைய கட்டடம் 1845ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்தபின் எழுந்த தூய பவுல் ஆலயம் 1847இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. 192 அடி உயரக் கோபுரம் நிறைவுற்றது 1868இல். இருபத்தோராண்டுகள் முற்றுப்பெறாத கட்டடத்துக்குள் மக்கள் வழிபட்டுவந்தனர். அது அவர்களுக்கு ஒரு குறையாய்த் தோன்றியதாகத் தெரியவில்லை.

இடையன்குடியின் கதை இவற்றினும் நீண்டது. 1841இல் அவ்வூருக்கு வந்த இராபர்ட் கால்டுவெல், செம்மணற்காட்டின் நடுவே தெருக்களை நேராக அளந்து, கிணறுகள் தோண்டி, மரங்கள் நட்டு ஊரமைத்தபின், 1847இல் ஆலயத்துக்குக் கடைக்கால் இட்டார். அது பிரதிஷ்டை செய்யப்பட்டது 1880 ஜூலை 6ஆம் நாள். இடையில் முப்பத்துமூன்று ஆண்டுகள். கடைக்கால் இட்டபோது ஞானஸ்நானம் பெற்ற குழந்தை, தன் பிள்ளைகளோடு பிரதிஷ்டைக்கு வந்திருக்கக்கூடும். இதனிடையே கால்டுவெல் 1856இல் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார், 1877இல் அத்தியட்சரானார், அதே காலத்தில் தாது வருடப் பெரும்பஞ்சமும் வந்து சென்றது. பணம் இருந்தபோது வேலை நடந்தது, இல்லாதபோது நின்றது. இங்கிலாந்திலிருந்து வந்த கொடையும் இதில் உண்டு என்பதை மறுக்கவியலாது. ஆனால் வேலையின் வேகத்தைக் குறித்தது ஊரின் நிலை.

கோதிக் முறைச் சாளரங்களையும் வளைவுகளையும் முன்பின் கண்டிராத ஊர்க்கொத்தனாருக்கு, கால்டுவெல் தாமே களிமண்ணால் மாதிரிகள் செய்து காட்டினார் என்பது இடையன்குடி வரலாற்றில் தவறாது கூறப்படுவது. பெரும்பாலோர் இதனை அவருடைய கைத்திறனுக்குச் சான்றாகவே கூறுவர். எமக்கோ அம்மாதிரியை வாங்கிப் பார்த்த கொத்தனாரே நினைவுக்கு வருகிறார். காகிதத்தில் வரைந்த படத்தைப் படித்தறியாத ஒருவர், களிமண் வளைவைக் கையில் திருப்பித்திருப்பிப் பார்த்து, அதனைக் கல்லில் பெரிதாக்கினார். அவர் பெயர் பரவலாக வழங்கும் வரலாறுகளில் இல்லை. முப்பத்துமூன்று ஆண்டுகள் என்பது ஒரு கொத்தனாரின் வாழ்நாள் உழைப்பு; தந்தை தொடங்கியதை மகன் முடித்த சுவர்களும் இருந்திருக்கும். கால்டுவெல் 1849இல் அவ்வட்டார மக்களைப் பற்றி எழுதிய நூல் அச்சமுதாயத்தினர் உள்ளத்தைப் புண்படுத்தியதையும் இங்கே சொல்லிவைக்கவேண்டும். சுவரெழுப்புவதில் அவர் காட்டிய பொறுமையும் மதிப்பும் அந்நூலில் இல்லை.

இத்தகைய நீண்ட கட்டுமானத்துக்கு இன்னொரு சான்று, வெள்ளாளன்விளையில் பிறந்த அத்தியட்சர் வே. ச. அசரியாவின் தோர்ணக்கல் பேராலயம். முதல் உலகப்போரும் பணமுடையும் குறுக்கிட்டு, பல்லாண்டு தாழ்த்தபின் 1939 சனவரி 6ஆம் நாள் அது பிரதிஷ்டையாயிற்று. வறிய கிராமச்சபைகளுக்கும் கொடுக்கக் கற்பிக்கவேண்டும் என்பதில் அசரியா உறுதியாயிருந்தவர். கிறிஸ்தவ ஈகையைப் பற்றி ஒரு நூலே எழுதினார். கொடாதவனாக ஏழையை நடத்துவது அவனைச் சபையின் விருந்தாளியாக்கிவிடும், வீட்டாராக்காது என்பதே அவருடைய ஊழியத்திலிருந்து நாம் பெறும் கருத்து.

வேதாகமத்தில் கட்டடச் செய்திகளுக்குக் குறைவில்லை. யோவாஸ் அரசனின் இருபத்துமூன்றாம் ஆண்டுவரை ஆசாரியர் ஆலயத்தைப் பழுதுபார்க்கவில்லை என்று இரண்டாம் இராஜாக்கள் 12ஆம் அதிகாரம் ஒளிக்காமல் கூறுகிறது. பின்னர் யோய்தா ஆசாரியன் மூடியில் துளையிட்ட பெட்டியொன்றைப் பீடத்தருகே வைத்தான்; பணம் வேலையை நடத்தியோர் வழியாகத் தச்சருக்கும் கொத்தருக்கும் கல்தச்சருக்கும் சென்றது. வேலையை நடத்தியோர் உண்மையாய் நடந்தமையால் அவர்களிடம் கணக்குக் கேட்கப்படவில்லை என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. இவ்வசனத்தைக் கட்டடக் குழுவின் பொருளாளர் எவரும் தமக்கு ஆதாரமாகக் காட்டாதிருப்பது நலம். கூர்ந்து நோக்கினால், நெடுங்காலத் தாமதத்துக்கு அங்கே காரணம் பணமின்மையன்று. வந்த பணம் வேலைக்குச் சென்றுசேராமையே.

நெகேமியாவின் 3ஆம் அதிகாரமோ பிரசங்கபீடத்தில் பெரும்பாலும் வாசிக்கப்படாதது. பெயர்ப்பட்டியல் நீண்டது, உச்சரிக்கவும் கடினம். ஆனால் அப்பட்டியலில் தட்டார் உண்டு, தைலக்காரர் உண்டு, சல்லூம் என்பவனுடைய குமாரத்திகள் உண்டு. தங்கள் வீட்டுக்கெதிரேயுள்ள பங்கைக் கட்டியவர் உண்டு. வேலைக்குத் தோள்கொடாத தெக்கோவாவின் பிரபுக்களும் உண்டு. அவர்கள் பெயரைச் சொல்லாமல் செயலை மட்டும் ஆசிரியர் குறித்துவைத்தார். நம் ஆலயங்களின் கல்வெட்டுகளிலோ பிரதிஷ்டை செய்தவரின் பெயரும், அக்கால ஆயரின் பெயரும், பெருந்தொகை கொடுத்தோரின் பெயர்களும் மட்டுமே காணப்படும். நிலைமை தலைகீழாயிருக்கிறது.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் தற்போது ஆலய விரிவை எண்ணும் சபைகளின் நிலை, திருநெல்வேலியின் பழைய கிறிஸ்தவ ஊர்களின் நிலையன்று. ஊர் முழுவதும் ஒரே சபையாயிருந்த காலத்து வழிகளை அப்படியே இங்குக் கொண்டுவரவியலாது. மாவட்டத் தலைநகராகவும் ஆலை நகராகவும் வளர்ந்த இடங்களில், மாற்றலாகி வந்த அலுவலரும் ஆலைத்தொழிலாளரும் உள்ளூர்க் குடும்பத்தினரும் சுற்றுக்கிராமங்களிலிருந்து வரும் உழவுக்கூலிகளும் ஒரே ஆராதனையில் கூடக்கூடும். மாற்றலாகி வந்தவர் சில ஆண்டுகளில் சென்றுவிடுவர். கொடுக்க வல்லவரும் பெரும்பாலும் அவரே. கோட்டைப் படைவீரரின் நன்கொடையால் எழுந்த 1766ஆம் ஆண்டு ஆலயத்தின் வரலாறு இவ்விடத்தில் வெறும் பழங்கதையன்று. நிலைத்திருக்கப்போகிறவர் கையால், அது சிறுதொகையாயினும், கைப்பிடி அரிசியாயினும், ஒருநாட் கூலியாயினும், கடைக்காலிலேயே ஏதேனும் சேரவில்லையெனில், பழுதுபார்க்கும் நாளில் யாரைத் தேடுவது?

இருக்கையைப் பற்றிய கேள்வியும் புதுவடிவில் வரும். இக்காலத்தில் எவரும் சாதியின் பெயரால் விரிவுக்கட்டடம் கட்டமாட்டார். ஆனால் பக்கவாட்டில் நீட்டிய சிறகுப்பகுதியிலிருந்து பீடம் தெரிவதில்லை. அங்கே ஒலிபெருக்கி மட்டும் கேட்கும். அப்பகுதியில் யார் அமர்கின்றனர் என்று ஆயர் ஒரு சில ஞாயிறுகள் எண்ணிப்பார்க்கவேண்டும். பழங்குடும்பத்தார் தம் பாட்டனார் அமர்ந்த வரிசையிலேயே அமர்ந்து, பின்னர் வந்தோரும் வண்டியேறி வந்தோரும் நாள்தோறும் சிறகுப்பகுதியிலேயே தங்கிவிட்டால், வில்சன் 1835இல் திருச்சியில் கண்டதற்கும் இதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று அளந்துகொள்ளலாம். திட்டப்படம் வரையும் பொறியாளரிடம் கேட்கவேண்டிய முதல் வினா எத்தனை பேர் அமரலாம் என்பதன்று. கடைசி இருக்கையிலிருந்து அப்பமும் கிண்ணமும் தெரியுமா என்பதே.

சபைப் பதிவேட்டோடு கட்டடப் பதிவேடு ஒன்றையும் வைத்துக்கொள்வது ஆயருக்குக் கடினமான வேலையன்று. நாள்தோறும் வந்த கொத்தனார், தச்சர், கம்பி கட்டியவர், கலவை சுமந்த சித்தாள் பெண்கள், அவர்கள் எவ்வூரினர், பெற்ற கூலி என்ன, வேலை நின்ற நாட்கள் எவை, ஏன் நின்றது என்பனவற்றை ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதிவைத்தாற்போதும். அவர்களுள் பலர் நம் சபையினராய் இரார். இந்துக்களும் இசுலாமியரும் இருப்பர். இடையன்குடியில் களிமண் மாதிரியைக் கையில் வாங்கியவரின் பெயரைத் தேடுவோருக்கு இன்று அத்தகைய புத்தகம் கிடைப்பதில்லை.